காபன் நார்க் குழல்களின் ஆயுள்: விளம்பரம் சொல்வதும் சோதனை சொல்வதும்

ஐக்கிய அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மத்தியிலும் இலக்குச் சூட்டுப் போட்டியாளர்கள் மத்தியிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுப்பப்பட்டு வருகிறது. உருக்கினால் செய்யப்பட்ட வழமையான ரைபிள் குழலுக்குப் பதிலாக, காபன் நார் சுற்றப்பட்ட இலேசான குழலொன்றை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினால் அது எத்தனை காலம் உழைக்கும் என்பதே அக்கேள்வியாகும். உருக்குக் குழல் தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறக்கூடியது என்பதை அந்நாட்டவர்கள் அனுபவத்திற் கண்டிருக்கின்றனர். நாரும் பிசினும் சுற்றிய குழலும் அவ்வாறே கைமாறுமா என்பதற்கு அனுபவம் இன்னமும் முழுமையான விடையைத் தரவில்லை.

எமது நாட்டில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கி ஒரு பொழுதுபோக்குச் சாதனமன்று. அதன் பெயரைக் கேட்டதும் எமது வாசகர்களின் மனதில் எழும் நினைவுகள் வேறானவை. ஆயினும் இக்கேள்வி துப்பாக்கியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அதே நாரும் அதே இனத்தைச் சேர்ந்த பிசினுமே இன்று பெரும் பயணிகள் விமானங்களின் உடலாக இருக்கின்றன. தீயணைப்பு வீரர் முதுகிற் சுமக்கும் காற்றுக் கொள்கலத்தைச் சுற்றியிருப்பதும் அவையே. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் ஐந்து உயிர்களோடு நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் சுவரும் அவற்றால் ஆனதே. ஆதலால் ஒரு சிறு குழலின் ஆயுளைப் பற்றிய விசாரணை, புதிய பொருள்களை நாம் எந்த அடிப்படையில் நம்புகிறோம் என்ற பெரிய விசாரணையின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

காபன் நார் என்பது என்ன?

காபன் நார் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பன்று. தோமஸ் அல்வா எடிசன் 1879 இல் தமது மின்குமிழுக்காகப் பருத்தி நூலையும், பின்னர் மூங்கில் நாரையும் கரியாக்கிப் பயன்படுத்தினார். ஆனால் அவை ஒளி தந்தனவேயன்றிப் பாரம் தாங்கவில்லை. 1958 இல் அமெரிக்காவின் யூனியன் காபைட் நிறுவனத்தைச் சேர்ந்த ரொஜர் பேகன் மிகுந்த வலிமை கொண்ட காபன் இழைகளை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். அதனையடுத்து ஜப்பானின் ஒசாக்கா நகரில் அக்கியோ ஷிந்தோ, செயற்கைத் துணி நூலுக்குப் பயன்படும் ஒருவகை நெகிழியிலிருந்து காபன் நார் செய்யும் வழியைக் கண்டறிந்தார். 1960களில் பிரித்தானியாவின் பார்ன்பரோவிலுள்ள அரச விமான ஆய்வு நிலையத்தினர் அவ்வழியை மேலும் செம்மைப்படுத்தினர். 1971 இல் ஜப்பானின் டோரே நிறுவனம் அதனை வர்த்தக ரீதியில் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

தனியொரு நாரின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கு மட்டுமே. மனிதத் தலைமயிர் அதனைவிடப் பத்து மடங்கு தடித்தது. ஒரே கன அளவில் அது உருக்கின் நிறையில் கால் பங்கிலும் குறைவு. நெடுக்காக இழுக்கும்போது சாதாரண உருக்கைவிடப் பல மடங்கு வலிமை காட்டும். ஆனால் நூல் தனித்து நின்று எதனையும் தாங்காது. அதனைப் படை படையாக அடுக்கி, எப்பொட்சி போன்ற பிசினில் தோய்த்து, வெப்பமூட்டி இறுகச் செய்தால்தான் அது ஓர் உறுப்பாகிறது. எமது கரையோரங்களிற் காணப்படும் பைபர் படகுகளை அறிந்தவர்களுக்கு இது புரியாத விடயமன்று. அங்கே கண்ணாடி நாரும் பிசினும் செய்கின்ற வேலையை இங்கே காபன் நாரும் எப்பொட்சியும் செய்கின்றன. ஒரு பைபர் படகு எங்கே முதலிற் பழுதடைகிறது என்பதும் கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும். நார் அறுவதற்கு முன்னரே வெயிலில் மேற்பூச்சு வெளிறும். அடிபட்ட இடத்தில் படைகள் பிரியும். பிரிந்த இடத்தில் நீர் இறங்கும். காபன் நாரின் முதுமையும் பெரும்பாலும் இதே வழியிலேயே வருகிறது. நார் நெடுங்காலம் நிற்கும். அதனைப் பிடித்துவைத்திருக்கும் பிசினும், பிசின் வேறொரு பொருளைத் தொடும் எல்லையுமே முதலில் தளர்கின்றன.

குழலுக்குள் நடப்பது

'காபன் நார்க் குழல்' என்ற பெயர் ஒருவகையில் வாசகரைத் தவறாக வழிநடத்தக் கூடியது. முழுவதும் காபன் நாரினாலான ரைபிள் குழல் எதுவும் சந்தையில் விற்கப்படுவதில்லை. உள்ளே துருப்பிடிக்கா உருக்கினாலான குழல் ஒன்று இருக்கிறது. அதன் வெளிப்புறத்தைக் கடைந்து மெல்லியதாக்கி, கடைந்தெடுத்த உருக்கின் இடத்தைக் காபன் நாரினாலும் பிசினாலும் நிரப்புகின்றனர். ரவை வெடிக்கும் அறைப் பகுதியில் உருக்கு தடிப்பாகவே விடப்படுகிறது. இதன் பயனாக, பார்வைக்குத் தடித்ததும் விறைப்பானதுமான ஒரு குழல், அதேயளவு தடித்த உருக்குக் குழலின் ஏறத்தாழ அரைவாசி நிறையில் கிடைக்கிறது. மலையேறி வேட்டையாடுபவருக்கு இது பெரும் அனுகூலமாகும். 1995 இல் யூட்டா மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் இத்துறையின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. பின்னர் மொன்டானா மாநிலத்தின் புரூவ் ரிசேர்ச் போன்ற நிறுவனங்களும் இதில் இறங்கின.

ஒரு ரைபிள் சுடப்படும்போது அறைக்குள் ஏற்படும் அமுக்கம் சதுர அங்குலமொன்றுக்கு 60,000 இறாத்தலளவில் இருக்கும். இது நாம் சுவாசிக்கும் வளிமண்டலத்தின் அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்காகும். எரியும் வாயுவின் வெப்பநிலை உருக்கின் உருகுநிலையை விட அதிகம். ஆனால் இந்தக் கொடுமை முழுவதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 5,000 ரவைகள் சுடப்பட்ட ஒரு குழல், மொத்தமாகப் பத்து விநாடிகள் கூட உண்மையில் வேலை செய்ததில்லை என்பது வியப்புக்குரியது.

அந்தச் சில விநாடிகளே குழலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. சன்னம் குழலின் சுருள் வரிகளைப் பற்றத் தொடங்கும் இடம் 'தொண்டை' எனப்படும். ஒவ்வொரு சூட்டின்போதும் அவ்விடத்து உருக்கின் மேற்படை கணநேரம் கொதித்து மீண்டும் குளிர்கிறது. நாளடைவில் வறண்ட குளத்துச் சேற்றைப் போல் அது வெடிப்புக் காணும். பின் வெடிப்புகளுக்கு இடையிலுள்ள உருக்கை வாயு அரித்துச் செல்லும். துப்பாக்கி வெடித்துச் சிதறுவதில்லை. ஆனால் குறி தவறத் தொடங்குகிறது. பரவலாகப் பயன்படும் .308 ரகக் குழலொன்று 5,000 ரவைகள் வரை துல்லியம் காக்கும் என்பது பொதுவான கணிப்பு. சிறு சன்னத்துக்குப் பின்னால் பெருமளவு வெடிமருந்தை எரிக்கும் வேகமான ரகங்கள் 1,500 ரவைகளுக்குள்ளேயே துல்லியத்தை இழக்கக்கூடும்.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த அரிப்பு முழுவதும் உள்ளிருக்கும் உருக்கில் நிகழ்கிறது என்பதாகும். வெளியே சுற்றப்பட்ட காபன் நாருக்கு இதில் எவ்விதப் பங்குமில்லை. எனவே, காபன் நார் சுற்றியதனால் குழல் நீண்டகாலம் உழைக்கும் என்று கூறப்படுமாயின், அக்கூற்றை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். அதேவேளை, காபன் நார் சுற்றியதனால் குழல் விரைவிற் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கும், நிதானமாகச் சுடுபவரைப் பொறுத்தவரை, போதிய ஆதாரம் இல்லை.

குழலுக்கு வெளியே நடப்பது

வெளிப்புறத்தில் எழும் பிரச்சினைகள் வேறு. அவற்றுள் முதலாவது வெப்பம். சாதாரண எப்பொட்சிப் பிசின் தன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 120 முதல் 200 பாகை செல்சியஸில் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். இதனைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும் விசேட பிசின்களும் உள்ளன. தரமான குழல்களில் அவையே பயன்படுத்தப்படுகின்றன. ஓர் உருக்குக் குழல் அளவுக்கதிகமாகச் சூடேறினாலும் ஆறியபின் பெரும்பாலும் பழைய நிலையை அடைந்துவிடும். எல்லை கடந்து சூடேறிய பிசின் அவ்வாறு மீள்வதில்லை.

காபன் நார் சுற்றிய குழல் விரைவாகக் குளிர்கிறது என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. நாரின் நீளப்பாட்டில் வெப்பம் ஓரளவு நன்றாகக் கடத்தப்படும் என்பது உண்மையே. சிலவகை நார்கள் செம்பையும் விஞ்சுவன. ஆனால் குழலின் உள்ளிருந்து வெளியே வரும் வெப்பம் நாரின் குறுக்காக, பிசினைத் தாண்டியே வர வேண்டும். அத்திசையில் இந்தக் கூட்டுப்பொருள் உருக்கைவிடப் பல மடங்கு மந்தமான கடத்தியாகும். மேலே கைவைத்துப் பார்ப்பவருக்குக் குழல் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும்போது உள்ளே உருக்கு சூடாகவே இருக்கலாம்.

இரண்டாவது, விரிவில் உள்ள வேறுபாடு. சூடேறும்போது உருக்கு நீளும். காபன் நாரோ நீளப்பாட்டில் ஏறத்தாழ மாறாதிருக்கும். மிகச் சிறிதளவு சுருங்கவுங்கூடும். இவ்வாறு மாறுபட்ட இயல்பு கொண்ட இரண்டையும் பிசினால் ஒட்டி வைத்திருக்கும்போது, ஒவ்வொரு தடவை சூடேறிக் குளிரும்போதும் ஒட்டிய எல்லையில் இழுபறி ஏற்படுகிறது. நாரைச் சுற்றும் கோணங்களை மாற்றி இதனைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் திறமை.

மூன்றாவது, அரிப்பு. காபன் மின்னைக் கடத்தும். ஈரத்தின் மத்தியில் அது உலோகத்தைத் தொட்டிருந்தால் ஒரு சிறு மின்கலத்தைப் போல் இயங்கி உலோகத்தை அரிக்கும். அலுமினியம் இதனாற் பெரிதும் பாதிக்கப்படும்; துருப்பிடிக்கா உருக்கு அதனைவிடத் தாங்கும்; டைட்டேனியம் மிகவும் தாங்கும். நான்காவது, அடி. உருக்கில் விழுந்த அடி பள்ளமாகத் தெரியும். காபன் நாரில் விழுந்த அடியோ மேற்பரப்பில் கீறல்கூட இல்லாதிருக்க, உள்ளே படைகளைப் பிரித்துவிடலாம். இந்த நான்கினுள்ளும் இக்கடைசி இயல்பே மிகவும் கருத்திற்கொள்ளத் தக்கது.

இங்கே ஒரு முரண் தென்படுகிறது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கான ரவைகளைச் சுடும் போட்டியாளர், காபன் நாரின் முதுமையைக் காணப்போவதில்லை. அதற்கு முன்னரே உள்ளிருக்கும் உருக்கு தேய்ந்து அவர் குழலை மாற்றிவிடுவார். வருடத்துக்கு ஐம்பது ரவைகள் சுடும் வேட்டைக்காரருக்கோ உருக்கு முப்பது வருடங்களுக்கு மேல் நிற்கும். அவரைப் பொறுத்தவரை ஆயுளைத் தீர்மானிப்பது சூடுகளின் எண்ணிக்கையன்று, ஆண்டுகளின் எண்ணிக்கையே. பேரனுக்குக் கொடுக்க விரும்புபவரும் அவரே. இத்தகைய குழல்கள் பரவலாக விற்பனைக்கு வந்து மூன்று தசாப்தங்களே ஆகின்றன. ஐம்பது வருடம் பழையதான காபன் நார்க் குழல் ஒன்றைப் பரிசோதித்து முடிவு சொல்வதற்கு, அப்படியொரு குழல் உலகில் இல்லை.

தீயணைப்பு வீரரின் கொள்கலம்

அனுபவம் போதாதவிடத்து எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கு இக்குழல்களுக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு பொருள் நல்ல எடுத்துக்காட்டாகும். தீயணைப்பு வீரர்கள் சுமக்கும் காற்றுக் கொள்கலங்களில் உள்ளே மெல்லிய அலுமினிய உறையும் வெளியே காபன் நார்ச் சுற்றும் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய கொள்கலங்களின் ஆயுள் பொதுவாக 15 வருடங்கள் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை அவற்றை அமுக்கத்துக்கு உட்படுத்திச் சோதிக்கவும் வேண்டும். கொள்கலம் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது. கண்ணுக்குத் தெரியாத முதுமையை நாட்காட்டியாலும் சோதனையாலும் கட்டுப்படுத்துவதே அதன் தத்துவம்.

அப்படியிருந்தும் உறைக்கும் சுற்றுக்கும் இடையிலான எல்லை எதிர்பாராத வகையில் ஏமாற்றிய சந்தர்ப்பமும் உண்டு. 2016 செப்டெம்பர் 1 ஆம் திகதி, புளோரிடாவின் கேப் கனவரலில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் பல்கன் 9 ரொக்கட், எரிபொருள் நிரப்பப்படும்போதே வெடித்து, அமோஸ் 6 என்ற செய்மதியையும் அழித்தது. ரொக்கட்டின் உள்ளே இருந்த, காபன் நார் சுற்றிய ஹீலியக் கொள்கலமே காரணமென விசாரணையில் தெரியவந்தது. அதன் அலுமினிய உறையில் ஏற்பட்ட நெளிவுகளுக்கும் காபன் நார்ச் சுற்றுக்கும் இடையில் கடுங்குளிரான ஒட்சிசன் தேங்கித் தீப்பற்றியிருக்கிறது. நாரும் தவறவில்லை, உலோகமும் தனியே தவறவில்லை. இரண்டும் சந்திக்கும் இடமே தவறியது.

ஆகாயத்திற் கற்ற பாடம்

விமானத் துறை இந்தப் பாடங்களை நீண்ட காலமாக, பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில், லொக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்கான தனது ஆர்பி 211 இயந்திரத்துக்குக் காபன் நார் விசிறி அலகுகளைத் தயாரித்தது. பிற்காலத்தில் எயார் லங்காவும் பறக்கவிட்ட அதே ட்ரைஸ்டார்தான் இது. 1970 இல் பறவை மோதுவதைப் போன்று இறந்த கோழியை இயந்திரத்துக்குள் எய்து சோதித்தபோது அந்த அலகுகள் சிதறின. நிறுவனம் டைட்டேனியம் அலகுகளுக்கு மாற நேர்ந்தது. இயந்திரத்துக்கான செலவு கட்டுமீறியதால் 1971 பெப்ரவரியில் நிறுவனமே முறிவடைந்து அரசுடைமையாயிற்று. ஆனால் அந்தத் தோல்வி சோதனைக் கூடத்தில் நிகழ்ந்ததேயன்றி ஆகாயத்தில் நிகழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கால் நூற்றாண்டின் பின், 1995 இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஜிஈ 90 இயந்திரம் கூட்டுப்பொருள் அலகுகளுடன் சேவைக்கு வந்தது. அவற்றின் முன் விளிம்பில் டைட்டேனியக் கவசம் பொருத்தப்பட்டிருந்தது. முதல் தோல்வி கற்பித்ததை அடுத்த தலைமுறையினர் மறக்கவில்லை.

2001 நவம்பர் 12 ஆம் திகதி நியூயோர்க்கில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் எயார்பஸ் ஏ300 விமானமொன்று வீழ்ந்து 265 பேர் பலியாகினர். காபன் நாராலான அதன் வால் செட்டை வானிலேயே முறிந்திருந்ததால் முதற் சந்தேகம் அந்தப் பொருளின் மீதே விழுந்தது. ஆனால் 2004 இல் வெளியான விசாரணை முடிவு வேறாக இருந்தது. சுக்கானை அளவுக்கு மீறி மாறிமாறி மிதித்ததால், வால் செட்டை மீது அதன் வடிவமைப்பு எல்லையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பாரம் விழுந்திருந்தது. உண்மையில் செட்டை எதிர்பார்க்கப்பட்டதற்கும் கூடுதலாகவே தாங்கியிருந்தது. பழியைச் சுமத்துவதற்கும் நற்சான்று வழங்குவதற்கும் சோதனையே தேவை என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

2011 இல் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் நிறையில் அரைவாசி கூட்டுப்பொருளாகும். எயார்பஸ் ஏ350 இல் இது 53 வீதம். 44,000 பறப்புகளுக்கென வடிவமைக்கப்பட்ட 787 இன் உடலொன்று, நிலத்தில் வைத்து 165,000 பறப்புகளுக்குச் சமமான அளவுக்கு இழுத்தும் நெளித்தும் சோதிக்கப்பட்டதாகப் போயிங் கூறுகிறது. அப்படியிருந்தும், உடற் பகுதிகளை இணைக்கும் இடங்களில் விடப்பட்ட இடைவெளிகள் பற்றி அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் 2024 இல் அமெரிக்க செனட் சபையின் முன் சாட்சியமளித்தார். நிறுவனம் அதனை மறுத்தது. எது எவ்வாறாயினும், வாதம் நடந்தது பகிரங்கமாக. அதற்கு அடிப்படையாகச் சோதனைப் பதிவுகள் இருந்தன. பயணிகளின் நம்பிக்கைக்கு இவ்வளவாவது தேவை.

சமுத்திரத்தின் அடியில்

இவை எதுவும் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு டைட்டன் சாட்சியாக இருக்கிறது. அமெரிக்காவின் ஓஷன்கேட் நிறுவனம் உருவாக்கிய இந்நீர்மூழ்கி, ஏறத்தாழ 3,800 மீற்றர் ஆழத்திலுள்ள டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைப் பார்ப்பதற்குக் கட்டணம் பெற்று ஆட்களை ஏற்றிச் சென்றது. ஐந்து அங்குலத் தடிப்புள்ள காபன் நார்ச் சுவரின் இரு முனைகளிலும் டைட்டேனிய வளையங்கள் ஒட்டப்பட்டிருந்தன. 2023 ஜூன் 18 ஆம் திகதி தனது 88 ஆவது மூழ்குதலின்போது அது நொறுங்கியது. நிறுவனத்தின் தலைவர் ஸ்டொக்டன் ரஷ், பிரெஞ்சு ஆழ்கடல் ஆய்வாளர் போல் ஹென்றி நார்ஜோலே, பிரித்தானியரான ஹமிஷ் ஹார்டிங், பாகிஸ்தானிய வர்த்தகர் ஷஸாதா தாவூத், அவரது 19 வயது மகன் சுலைமான் ஆகியோர் உயிரிழந்தனர்.

அந்த ஆழத்தில் உள்ள நீரமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5,500 இறாத்தல். ரைபிள் அறைக்குள் எழும் அமுக்கத்தின் பத்தில் ஒரு பங்கே இது. அவ்வாறிருக்க, சிறு குழல் தாங்குவதை ஐந்து அங்குலச் சுவர் ஏன் தாங்கவில்லை என வாசகர் கேட்கக்கூடும். விடை அமுக்கத்தின் திசையில் இருக்கிறது. துப்பாக்கிக் குழலிலும் காற்றுக் கொள்கலத்திலும் அமுக்கம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அப்போது சுற்றியிருக்கும் நார் இழுபடுகிறது. கயிற்றை இழுத்தால் அது தாங்கும். நீர்மூழ்கியிலோ அமுக்கம் வெளியிலிருந்து உள்ளே நெருக்குகிறது. கயிற்றை முனையிற் பிடித்துத் தள்ளினால் அது மடியும். நார் மடியாதவாறு பிடித்திருக்கும் பொறுப்பு முழுவதும் பிசினுக்கும் படைகளின் ஒட்டுக்குமே வந்துசேர்கிறது. மேலும், குழலின் உள்ளே பாரத்தைத் தாங்க உருக்கு இருக்கிறது. டைட்டனின் நடுச் சுவருக்கு அப்படியொரு துணை இருக்கவில்லை.

எச்சரிக்கைகள் இல்லாமலும் இல்லை. 2018 இல் நிறுவனத்தின் பணிப்பாளர் ஒருவர் பாதுகாப்புப் பற்றிக் கேள்வியெழுப்பிப் பதவியிழந்தார். அதே ஆண்டில் துறைசார் நிபுணர்கள் பலர் கடிதம் மூலம் எச்சரித்தனர். முதலாவது சுவரில் 2019 இல் வெடிப்புக் காணப்பட்டு இரண்டாவது சுவர் செய்யப்பட்டது. 2022 ஜூலையில் 80 ஆவது மூழ்குதலின் முடிவில் பெரும் ஓசையொன்று கேட்டது. சுவரிற் பொருத்தியிருந்த உணர்கருவிகளின் பதிவுகள் அதன்பின் மாறியிருந்தன. அம்மாற்றத்தின் பொருளை எவரும் முறையாக ஆராயவில்லை. அந்த ஆண்டின் குளிர்காலத்தை நீர்மூழ்கி கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் திறந்தவெளியிற் கழித்தது.

2025 ஓகஸ்டில் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் விசாரணைக் குழு, இவ்வனர்த்தம் தடுத்திருக்கக்கூடியது என அறிக்கையிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் தனது முடிவை வெளியிட்டது. சுவரில் உற்பத்திக் குறைபாடுகள் பல இருந்தன என்றும், போதியளவு சோதனை செய்யப்படாமையால் அதன் உண்மையான வலிமையும் நீடித்துழைக்கும் தன்மையும் அதனைச் செய்தவர்களுக்கே தெரியாதிருந்தன என்றும் அச்சபை கண்டறிந்தது. இவ்விடயத்தின் சாரம் அந்த முடிவில் அடங்கியிருக்கிறது. காபன் நார் எவரையும் ஏமாற்றவில்லை. அதன் ஆயுளை அறியாமலே அறிந்ததாக நடந்துகொண்டவர்களே மற்றையோரையும் அழைத்துச் சென்றனர்.

விடை

ஆக, தொடக்கத்திற் கேட்கப்பட்ட கேள்விக்கு என்ன விடை கூறலாம்? முறையாகச் செய்யப்பட்டு, அளவோடு பயன்படுத்தப்படும் காபன் நார்க் குழல் ஒன்று, அதன் உள்ளிருக்கும் உருக்கு தேயும் வரை நின்றுபிடிக்கும் என நம்புவதற்கு இன்றுள்ள அனுபவம் இடமளிக்கிறது. தொடர்ச்சியான சூட்டினால் அளவுக்குமீறிச் சூடேறியதும், பலத்த அடி பட்டதும், பிசினின் தரம் அறியப்படாததுமான குழலுக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. மூன்று தலைமுறைக்கு நிற்குமா என்பதற்கு எவரேனும் உறுதி கூறுவாராயின், அவர் தாம் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்பவராவார்.

உருக்கும் ஒருகாலத்தில் புதிய பொருளாகவே இருந்தது. 1954 இல் பிரித்தானியாவின் கொமெற் ஜெற் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து மத்தியதரைக் கடலில் வீழ்ந்த பின்னரே, உலோகமும் களைப்படையும் என்ற உண்மையின் முழுப் பாரதூரத்தையும் விமானத் துறை உணர்ந்தது. அன்று பார்ன்பரோ ஆய்வாளர்கள் முழு விமானமொன்றைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கி, மீண்டும் மீண்டும் அமுக்கமேற்றி, அது வெடிக்கும் வரை காத்திருந்தனர். பத்தாண்டுகளுக்குள் காபன் நாரைச் செம்மைப்படுத்தியதும் அதே நிலையமே. ஒரு பொருளை நம்புவதற்கு முன் அது முறியும் வரை சோதிக்க வேண்டும் என்ற பண்பும், புதிய பொருளைப் படைக்கும் துணிவும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன.

இவ்விரண்டும் பிரிந்துவிடும்போதே ஆபத்து நேர்கிறது. இன்று எமது சந்தைக்கு வரும் புதிய பொருள்களுக்கும், எமது நகரங்களில் எழும் புதிய கட்டுமானங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பொருளின் வலிமை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. அது முதுமையடையும்போது எமக்கு முன்கூட்டியே தெரியுமா, அதனை யார், எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள், அந்தச் சோதனையின் பெறுபேற்றை எவர் பார்வையிடலாம் என்றும் கேட்க வேண்டும். விற்பவர் இக்கேள்விகளால் எரிச்சலடைவாராயின், அதுவே வாங்குபவருக்குப் போதிய விடையாகும்.